இண்டைக்கு ஆர் வரேல்லை?

நமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டைக் காணும் இவ்வேளையில், இம்மலரின் முற்பக்கங்களில் அதிபர்களின் படங்கள் வரிசையாக இடம்பெற்றிருக்கும். அது முறையே. மண்டபம் எழுப்பியவர்களையும் நெருக்கடிக் காலங்களில் கல்லூரியின் கதவை மூடாமல் வைத்திருந்தவர்களையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் வகுப்பாசிரியர்களின் படங்களைத் தனித்தனியே போட எந்த மலரிலும் இடம் போதாது. அவர்களுடைய பெயர்கள் பழைய இடாப்புகளின் மேல் மூலையில் மங்கிய மையில் இருக்கின்றன. மிகுதி நம் நினைவில் மட்டுமே.

தலைமைத்துவம் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, இரத்மலானையிலிருந்து ஒன்றாகப் பஸ் ஏறி வந்து படித்த எங்கள் ஐவருக்கும் முதலில் நினைவுக்கு வந்தவர் அதிபரோ, சிரேஷ்ட மாணவத் தலைவியோ அல்லர். ஒரு வகுப்பாசிரியர்தான். இன்று எங்களில் இருவர் மட்டுமே கொழும்பில் இருக்கிறோம். மற்றவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். எங்களுள் வைத்தியராக இருப்பவளின் தலையில் எழுதும் வேலை விழுந்தது. நினைவுகள் ஐவருக்கும் உரியவை என்பதால் "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

எங்கள் ரீச்சர் காலையில் இடாப்பைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டு முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார். "பிள்ளையள், இண்டைக்கு ஆர் வரேல்லை?" இடாப்பில் பார்த்தால் அது தெரிந்துவிடும். இருந்தாலும் எங்களிடம் கேட்பார். வராதவளின் பெயரை யாராவது சொல்ல வேண்டும். ஏன் வரவில்லை என்பது தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால், அவளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவள் பின்னேரம் போய் விசாரித்து வர வேண்டும். அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று இருப்பதை நாங்கள் பிற்காலத்தில்தான் அறிந்தோம். அந்த வரலாற்றின் ஒரு பகுதி எங்கள் வீட்டு வாசலிலேயே, இரத்மலானையிலேயே இருந்தது.

இரத்மலானைப் பள்ளி

இரத்மலானை என்றதும் பலருக்கு விமான நிலையமும் ரயில்வே வேலைத்தளமும் நினைவுக்கு வரும். 1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதலாவது சேவையை இங்கிருந்துதான் யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத் தொடங்கியது. எங்கள் பெற்றோரின் நினைவிலுள்ள இரத்மலானை வேறு. 1983 ஜூலையில் வீடுகளை விட்டோடிய தமிழ்க் குடும்பங்கள் விமான நிலையக் கொட்டகையில் தங்கியிருந்த நாட்களை அவர்கள் மறக்கவில்லை.

ஆனால் எங்கள் பிள்ளைப் பருவத்து இரத்மலானையின் அடையாளம், செவிப்புலனற்ற பிள்ளைகளும் விழிப்புலனற்ற பிள்ளைகளும் படிக்கும் பாடசாலைகள். காலையில் பஸ் தரிப்பிடத்தில் எங்கள் வயதுப் பிள்ளைகள் சிலர் கைகளால் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். எங்களைவிட வேகமாகக் கதைப்பார்கள். எங்களைவிட அதிகமாகச் சிரிப்பார்கள். பல வருடங்கள் அதே இடத்தில் நின்று பஸ் ஏறியும், "காலை வணக்கம்" என்று கையால் சொல்லக்கூட எங்களில் ஒருத்தியும் பழகிக்கொள்ளவில்லை.

அப்பள்ளியை 1912 இல் தொடங்கியவர் மேரி சப்மன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. இங்கிலாந்துத் திருச்சபையின் சேனானா மிஷனைச் சேர்ந்தவர். அவர் தொடங்கிய காலத்தில் இலங்கையில் இலவசக் கல்வி இல்லை. அது 1945 ஒக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளோ படிப்புக்கு உரியவர்களாகவே கருதப்படவில்லை. மேரி சப்மன் இலங்கையோடு நின்றுவிடவுமில்லை. 1920 இல் ரங்கூனில் செவிப்புலனற்றோருக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது இன்றும் அவர் பெயரிலேயே இயங்குகிறது. வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலை தோன்றியது 1956 இல்.

இதே மிஷனைச் சேர்ந்த ஆசிரியைகளின் வரலாறு கடலுக்கு அப்பால் பாளையங்கோட்டையிலும் உண்டு. அங்கே சாரா தக்கர் பெண்கள் கல்வி நிலையத்தோடு தொடர்புடைய ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்கும், ஃபுளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிகளை உருவாக்கினார்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பெண்கள் பள்ளியில் பணிபுரிந்தவர்கள் அவர்கள். வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். இருக்கும் பிள்ளைகளுக்குக் கற்பித்தாலே போதும் என்று இருந்திருக்கலாம். வகுப்புக்குள் வர முடியாத பிள்ளையின் பக்கம் அவர்களுடைய கண் போயிற்று. எங்கள் ரீச்சர் காலையில் கேட்ட கேள்வியை அவர்களும் தமக்குள் கேட்டிருக்க வேண்டும்.

எழும்பூரில் ஒரு வீடு

இந்தக் கேள்விக்குத் தமிழ்ப் பெண்ணொருவர் கொடுத்த பதிலை நாம் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. 1886 இல் மயிலாப்பூரில் பிறந்த ஆர். எஸ். சுப்புலட்சுமி, பால்ய வயதில் மணம் முடிக்கப்பட்டு, வாழ்க்கை தொடங்குமுன்னரே விதவையானவர். தலையை மழித்து மூலையில் இருத்தும் வழக்கத்துக்குப் பெற்றோர் அவரை விட்டுக்கொடுக்கவில்லை, படிக்க வைத்தார்கள். 1911 இல் அவர் பட்டதாரியானார். சென்னை மாகாணத்தில் பிராமண விதவை ஒருவர் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை.

பட்டம் பெற்ற பெண்ணுக்கு அக்காலத்தில் நல்ல உத்தியோகமும் மதிப்பும் கிடைத்திருக்கும். அவர் ஆசிரியப் பணியை ஏற்றார். ஆனால் தன்னைப் போலவே விதவையாகி, படிக்கும் வயதில் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இல்லை என்பதை அவர் கண்டார். 1912 இல் எழும்பூரில் தன் குடும்பத்தார் துணையோடு அப்படியான ஒரு சில பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். அது பின்னர் அரசாங்க உதவி பெறும் விடுதியாக வளர்ந்து, திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் மாளிகைக்கு இடம் மாறியது. 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், அடுத்த மாதம் சென்னையில் தங்கியிருந்த கட்டடமும் அதுதான். 1922 இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது சுப்புலட்சுமி அதன் அதிபரானார். 1927 இல் சாரதா வித்தியாலயம் தோன்றியது. மூலையில் இருத்தப்பட்ட பிள்ளைகளே ஆசிரியைகளாகி ஊர் ஊராகப் படிப்பிக்கப் போனார்கள்.

மலர்க் கட்டுரைகளில் நாம் பொதுவாக இந்த இடத்தில் நிறுத்திவிடுவோம். ஆனால் வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டும். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஆசாரமான குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்ப வேண்டுமாயின் வேறு வழியில்லை என்பது அக்காலத்து நியாயம். ஆயினும், வாசலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளுக்காகத் திறந்த கதவின் முன்னால் இன்னும் பல பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். இதற்காக அவர் தம் காலத்திலேயே விமர்சிக்கப்பட்டார்.

செவிப்புலனற்றோர் கல்வியிலும் இப்படி ஒரு தவறு நடந்தது. 1880 இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்கு உதட்டசைவையும் வாய்ப்பேச்சையுமே கற்பிக்க வேண்டும், சைகை மொழி கூடாது என்று தீர்மானித்தது. அதன் விளைவாக உலகின் பல பள்ளிகளில் பிள்ளைகள் கையால் கதைப்பது நீண்ட காலம் தடுக்கப்பட்டது. தீர்மானித்தவர்களில் பெரும்பாலோர் நல்ல நோக்கமுள்ளவர்கள், காது கேட்பவர்கள். செவிப்புலனற்ற ஆசிரியர்களின் குரலுக்கு அங்கே இடமிருக்கவில்லை. 130 வருடங்களின் பின், 2010 இல் வான்கூவரில் நடந்த அதே மாநாட்டுத் தொடரின் கூட்டத்தில்தான் அத்தீர்மானத்துக்காக வருத்தம் தெரிவிக்கப்பட்டது.

இவற்றைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டு ஒரு பள்ளியைக் கட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. இடாப்பு நாள்தோறும் கூப்பிடப்படுவது போல இதையும் நாள்தோறும் கேட்க வேண்டும். இது எங்களுக்குப் புத்தகத்தால் விளங்கவில்லை. 1996 ஆம் ஆண்டு எங்கள் வகுப்பறையில்தான் விளங்கியது.

1996

அந்த ஆண்டை நம்மில் பலர் மறக்க மாட்டோம். ஜனவரி 31 இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு. அதன் பின் வீதிக்கு வீதி சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு, அடையாள அட்டை. அதற்கு முன்னர், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்திருந்தது. தென்மராட்சி, வன்னி, வவுனியா என்று அலைந்து கொழும்பு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலும் வெள்ளவத்தை வாடகை அறைகளிலும் இருந்துகொண்டு பாடசாலை தேடினார்கள்.

முதலாம் தவணையின் நடுவில் எங்கள் வகுப்புக்கு அப்படியொரு பிள்ளை வந்தாள். விடுகைப் பத்திரம் இல்லை. பிறப்புச் சான்றிதழின் பிரதி மட்டும் இருந்தது. சீருடை இன்னும் தைக்கவில்லை. நாங்கள் சாதாரண தர வகுப்பு, டிசம்பரில் சோதனை. வகுப்பில் ஏற்கெனவே நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தோம். வாங்கில் தள்ளி இருந்தால் ஓரிடம் வந்திருக்கும். நாங்கள் தள்ளி இருக்கவில்லை. புத்தகப் பைகளைப் பக்கத்தில் வைத்து இடத்தை நிரப்பிக்கொண்டோம். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல. பயமாக இருக்கலாம், போட்டியாக இருக்கலாம், அவளுடைய பேச்சுவழக்கும் எண்ணெய் வைத்துப் பின்னிய தலையும் எங்களுக்குப் பட்டிக்காடாகத் தெரிந்திருக்கலாம். எங்கள் வீட்டுப் பேச்சும் அதே பேச்சுத்தான் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் போட்டு, "இதிலை இரு பிள்ளை" என்றார். அன்றிலிருந்து நின்றுகொண்டே படிப்பித்தார். கொப்பி திருத்துவதும் நின்றபடிதான். அவருக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல்; கால் வீக்கமும் இருந்தது. ஒன்பதாவது நாள் நாங்கள் நான்கு பேர், யாரும் கேட்காமலே, மண்டபத்திலிருந்து ஒரு வாங்கைத் தூக்கி வந்தோம். ரீச்சர் தன் கதிரையைத் திரும்ப எடுத்துப் போட்டு இருந்தார். "நல்லது" என்று ஒரு சொல் மட்டும் சொன்னார்.

அந்த வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்தவள் எங்கள் இரத்மலானை ஐவரில் ஒருத்தி. அவளுடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறோம். அவள் "கவனமில்லாத பிள்ளை" என்று பெயர் எடுத்தவள். ஒன்றைக் கேட்டால் வேறொன்றைச் சொல்வாள். ரீச்சரிடம் ஏச்சு வாங்குவாள். நாங்களும் பகிடி பண்ணுவோம். புதியவள் வந்து இரண்டு மூன்று வாரத்தில் ரீச்சரிடம் போய், "ரீச்சர், இவ நீங்கள் எங்களைப் பார்த்துக் கதைச்சால் எழுதுறா. கரும்பலகையைப் பார்த்துக் கதைச்சால் எழுதுறா இல்லை" என்றாள்.

எங்கள் தோழிக்குச் சிறுவயதில் இரண்டு காதிலும் சீழ் வடிந்திருக்கிறது. வீட்டில் கைமருந்தோடு விட்டுவிட்டார்கள். கேட்கும் திறன் குறைந்துகொண்டு போனதை யாரும் கவனிக்கவில்லை, அவளுக்குமே தெரியவில்லை. உதட்டைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். இரத்மலானைப் பஸ் தரிப்பிடத்தில் தினமும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற நாங்கள், எங்களோடு நின்ற ஒருத்திக்கே சரியாகக் காது கேட்காது என்பதை அறியாமல் இருந்தோம்.

அடுத்த நாள் இடாப்பு முடிந்ததும் ரீச்சர் வழமையான கேள்வியைக் கேட்கவில்லை. வகுப்பின் முன் நின்று, "ஒண்டரை வருசமா இந்தப் பிள்ளைக்குக் கவனம் இல்லை எண்டு ஏசியிருக்கிறன். அவவுக்குக் கேக்கேல்லை. நானும் என்னெண்டு கேட்டுப் பார்க்கேல்லை. பிழை என்னுடையது" என்றார். ஏசியது வகுப்பின் முன்னால் என்பதால் மன்னிப்பும் வகுப்பின் முன்னால்தான் கேட்டார். பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அதன் பின் அவர் பலகையைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. எழுதி முடித்துத் திரும்பி எங்களைப் பார்த்துத்தான் பேசுவார். வீட்டுவேலையை வாயால் சொல்லாமல் பலகையில் எழுதினார். தோழி முதல் வரிசைக்கு வந்தாள்.

இன்று வைத்தியராக இருந்து பார்க்கும்போது அந்த மாற்றங்கள் எவ்வளவு சரியானவை என்று தெரிகிறது. சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். கணக்குப் பார்த்தால் 8 மீற்றருக்கு அப்பால் இருக்கும் பிள்ளையை வந்தடைவது 42 டெசிபல் அளவுதான். 40 டெசிபல் இழப்புள்ள காதுக்கு அது ஒரு முணுமுணுப்பு. அதன் மேல் காலி வீதி வாகன இரைச்சலையும் மின்விசிறியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளினிக்குக்கு வரும் அம்மாமார் "இவன் சொன்னால் கேக்கிறான் இல்லை டொக்டர்" என்று முறையிட்டால், முதலில் அந்தப் பிள்ளையின் காதைப் பரிசோதிக்கிறோம். மருத்துவ பீடத்துக்குப் போகுமுன்னரே அந்தப் பாடம் எங்களுக்குக் கிடைத்துவிட்டது.

அதே வருடம் ஜூலை 24, புதன்கிழமை. வேலை முடிந்து வீடு திரும்புவோர் நிறைந்த மாலை ரயிலில், தெஹிவளை நிலையத்தில் குண்டு வெடித்தது. 60 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். எங்கள் ஐவரில் இருவரின் தகப்பன்மார் தினமும் அந்தப் பாதையால்தான் இரத்மலானைக்கு வருவார்கள். அன்று அவர்கள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்கள். அடுத்த நாள் பயத்தில் நாங்கள் யாரும் பாடசாலைக்குப் போகவில்லை. வகுப்பில் பாதிப் பேர் வரவில்லையாம். வந்த பிள்ளைகளிடம் ரீச்சர் வழமைபோலக் கேட்டிருக்கிறார்: "இண்டைக்கு ஆர் வரேல்லை?" பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பின்னேரம் எங்கள் தெருவில் தொலைபேசி வைத்திருந்த ஒரேயொரு வீட்டுக்கு அழைத்து, ஐந்து பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி விசாரித்தார். தெஹிவளையில் இறந்தவர்கள் எல்லா இனத்தவர்களும். அதற்கடுத்த நாள் வகுப்பில் அவர்களுக்காக எழுந்து நிற்கச் சொன்னார். எந்த விளக்கமும் சொல்லவில்லை.

இடாப்பில் இல்லாதவள்

இப்போது ஆசிரியப் பயிற்சிகளில் ஒவ்வொருவரையும் தமது தலைமைத்துவத் தத்துவத்தை எழுதச் சொல்கிறார்கள் என்று எங்கள் வகுப்பிலிருந்து ஆசிரியைகளானவர்கள் சொல்கிறார்கள். நல்ல பயிற்சிதான். எங்கள் ரீச்சர் அப்படி எதையும் எழுதியதாகத் தெரியவில்லை. பகுதித் தலைவராகவோ உப அதிபராகவோ அவர் வரவுமில்லை. வகுப்பாசிரியராகவே ஓய்வுபெற்றார். அவரிடம் இருந்தவை சில பழக்கங்கள்: இல்லாதவரைப் பற்றிக் கேட்பது, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவது, இடம் இல்லாவிட்டால் முதலில் தன் கதிரையைக் கொடுப்பது, பிழை செய்தால் செய்த இடத்திலேயே ஒப்புக்கொள்வது. வகுப்புக்கு ஒரு தலைமை உண்டென்றால் அது இவைதான் என்று நாங்கள் நினைக்கிறோம். வார்ட்டிலும் அலுவலகத்திலும் வீட்டிலும் இவை எங்களுக்கு உதவியிருக்கின்றன. எல்லா நாளும் இவற்றைக் கடைப்பிடித்தோம் என்று சொல்லமாட்டோம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பிள்ளை எங்களோடு சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. மூன்றாம் தவணை தொடங்கிச் சில வாரங்களில் குடும்பம் கொழும்பை விட்டுப் போய்விட்டது. எங்கே போனார்கள் என்று அப்போது விசாரிக்கும் துணிவு எங்களுக்கு இருக்கவில்லை. எங்கள் வகுப்புப் படத்தில் அவள் இல்லை. படம் எடுத்தது நவம்பரில். இம்மலருக்காகச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலைப் பார்த்தோம். அதிலும் அவள் இல்லை. இங்கே படித்துப் பரீட்சைக்குத் தோற்றியவர்களின் பதிவுகளைக் கொண்டே பட்டியல் தயாராகியிருப்பதாகச் சொன்னார்கள். 1958, 1977, 1983, 1995 என்று ஒவ்வொரு இடப்பெயர்வின் போதும் ஒரு தவணை, இரண்டு தவணை படித்துவிட்டுப் போன பிள்ளைகள் நம்மிடையே எத்தனையோ பேர். பட்டியலில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

சங்கத்தின் செயற்குழுவிடம் எங்கள் ஐவரின் வேண்டுகோள் இதுதான். நம் கல்லூரியின் வாங்கில் ஒரு தவணையாவது அமர்ந்தவள் நம் பழைய மாணவி. இந்த நூற்றாண்டில் அவர்களுக்கும் ஒரு பட்டியலைத் திறப்போம். உலகெங்கும் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் வகுப்புப் படத்தை எடுத்துப் பாருங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். படத்தில் இல்லாதவர்களின் பெயர்களை எழுதி அனுப்புங்கள். எங்களுடையவளின் பெயரை நாங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

ரீச்சர் இன்று நம்மிடையே இல்லை. இருந்திருந்தால் இம்மலரைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன கேட்டிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும்.